அந்த ஹாரன் சத்தம் எப்போது நிற்கும்?

கேள்வி: மேடம், எனக்கு 47 வயது. சென்னை புறநகர் ரயிலில் மோட்டார்மேனாக இருக்கிறேன். பெரும்பாலும் கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு பாதையில்தான் டியூட்டி. 14 மாதங்களுக்கு முன்பு ஒரு சாயங்காலம், பல்லாவரம் தாண்டி குரோம்பேட்டை வருவதற்குள், காதில் இயர்போன் மாட்டிய ஒரு பையன் தண்டவாளத்தைக் கடந்தான். ஹாரனை விடாமல் அடித்தேன், எமர்ஜென்சி பிரேக் போட்டேன். கடைசி நொடியில் திரும்பி என்னைப் பார்த்தான். தோளில் நீல நிறக் காலேஜ் பேக். வண்டி நிற்கவில்லை.

அன்றிலிருந்து தூக்கத்தில் என் ஹாரன் சத்தம் எனக்கே கேட்கிறது. அந்த இடம் வரும்போது கை வியர்த்து விறைத்துப் போகிறது. என் மகனிடமும் நீல பேக் இருக்கிறது, அதைக் கண்ணில் படாமல் அலமாரிக்குள் வைக்கச் சொல்லிவிட்டேன். ஏன் என்று அவனிடம் சொல்லவில்லை. கூட வேலை செய்பவர்கள், "ரன் ஓவர் இல்லாத சர்வீஸ் ஏதுப்பா, நமக்கு இதெல்லாம் சகஜம்" என்கிறார்கள். எனக்குத்தான் தைரியம் போதவில்லை போல. நண்பரிடம் வாங்கி ரெண்டு மூன்று தடவை தூக்க மாத்திரையும் போட்டேன்.

கண்ணை இப்படியும் அப்படியும் அசைக்க வைத்தே கெட்ட நினைவைச் சரி செய்யும் சிகிச்சை இருக்கிறது என்று மைத்துனர் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். இது மெஸ்மெரிசமா? வீட்டிலேயே செய்யலாமா? வேலைக்குப் பிரச்சினை வருமா? இன்னொன்று: இது சரியாகிவிட்டால் அந்தப் பையனை மறந்துவிடுவேனா? அப்படி மறப்பது பாவம் என்று தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் மறுபடியும் முதல் பத்திக்குப் போனேன். "ஹாரனை விடாமல் அடித்தேன், எமர்ஜென்சி பிரேக் போட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மோட்டார்மேன் செய்யக்கூடியது அந்த இரண்டும்தான். ஓடுகிற வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது என்பதும், ஒருவர் குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்க ரயிலில் ஸ்டியரிங் கிடையாது என்பதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தூங்க முடியவில்லை. இதற்குத் தைரியக் குறைவு என்று பெயர் வைக்காதீர்கள். அந்தச் சொல்லை எடுத்துக் கீழே வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

கடிதத்தை வைத்து மட்டும் நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பாருங்கள். நடந்தது கேட்காமலே திரும்ப வருகிறது. நினைவூட்டும் பொருளை ஒளித்து வைக்கிறீர்கள். அந்த இடத்தில் உடம்பு விறைக்கிறது. தூக்கம் கெட்டிருக்கிறது. உங்களையே குற்றவாளியாக நினைக்கிறீர்கள். இவையெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், மன அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பாக இருக்கலாம் என்று மனநலச் சிகிச்சையாளர்களான நாங்கள் பார்க்கத் தொடங்குவோம். உங்களுக்கு 14 மாதம் ஆகிவிட்டது. தானாகப் போய்விடும் என்று இனியும் காத்திருக்க வேண்டாம்.

"நமக்கு இதெல்லாம் சகஜம்" என்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களில் சிலரும் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்காருபவர்களாக இருக்கலாம். அடிக்கடி நடக்கிறது என்பதாலேயே ஒரு காரியம் காயம் செய்யாமல் போய்விடாது.

சரி, மெஸ்மெரிசமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள் இல்லை. கண் அசைவின் துணையோடு கெட்ட நினைவைக் கையாளும் இந்தச் சிகிச்சைக்கு இஎம்டிஆர் என்று பெயர். அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷபீரோ 1987இல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தார். மனதை உறுத்திக்கொண்டிருந்த எண்ணங்களின் வேகம் குறைவதையும், அந்த நேரத்தில் தன் கண்கள் பக்கவாட்டில் வேகமாக அசைவதையும் கவனித்தார். அதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்து, 22 பேரிடம் செய்த முதல் ஆய்வை 1989இல் வெளியிட்டார். விஞ்ஞானிகள் பலர் அப்போது நம்பவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மெக்நாலி 1999இல் இதை மெஸ்மெரிசத்தோடே ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். இதில் பலன் தருவது புதிதல்ல, புதிதாக இருப்பது பலன் தருவதல்ல என்பது அவருடைய வாதம்.

அந்த விவாதத்தில் ஒரு பகுதி இன்றும் ஓய்ந்துவிடவில்லை. கண் அசைவு எவ்வளவு உதவுகிறது, பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து பழைய நினைவை நேருக்கு நேர் பார்ப்பது எவ்வளவு உதவுகிறது என்பதில் இப்போதும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சிகிச்சை முழுவதையும் எடுத்துக்கொண்டால் அது பலன் தருகிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் சேர்ந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் இந்தப் பாதிப்புக்குப் பரிந்துரைத்த பேச்சு வழிச் சிகிச்சைகளில் இதுவும் ஒன்று. இன்னொன்று, அதிர்ச்சியை மையமாக வைத்து எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்ற சிகிச்சை. உங்கள் ஊரில் அதில் கைதேர்ந்தவர் கிடைத்தால் அதையும் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இஎம்டிஆர் மட்டும்தான் மருந்து என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நடந்ததை ஒன்று விடாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டுப்பாடமும் அதிகம் கிடையாது. பெற்ற மகனிடமே காரணம் சொல்ல முடியாத ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மெஸ்மெரிசத்தில் மயக்கத்தில் இருப்போம் என்றுதானே பயம்? இதில் நீங்கள் முழு விழிப்போடு இருப்பீர்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள், தெருவில் ஆட்டோ போகும் சத்தம்கூடக் கேட்கும். வேண்டாம் என்று கையைத் தூக்கினால் அந்த நொடியே நிறுத்திவிடுவோம். அந்தச் சைகையை முதலிலேயே பேசி வைத்துக்கொள்வோம்.

வீடியோவில் நீங்கள் பார்த்தது நடுவில் இருக்கும் ஒரு துண்டு. இந்தச் சிகிச்சைக்கு எட்டுக் கட்டங்கள் உண்டு. சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் தொடர்வது வருவது நான்காவது கட்டத்தில். அதற்கு முன்னால் உங்கள் கதையைக் கேட்போம், உடல்நிலையை விசாரிப்போம். வலிப்பு, கண் கோளாறு, இதயக் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்போம். சிலருக்கு நினைவு வரும்போது 'நான் எங்கே இருக்கிறேன்' என்பதே நழுவிப் போய்விடும், அது உண்டா என்று கவனிப்போம். மனம் கலங்கினால் திரும்பி வந்து நிற்க ஓர் இடத்தைப் பழக்குவோம். ஒருவருக்கு அது பெசன்ட் நகர் கடற்கரை. இன்னொருவருக்குப் பாட்டி வீட்டுத் திண்ணை. அந்த இடத்துக்குப் போய் வரத் தெரிந்த பிறகுதான் கெட்ட நினைவைத் தொடுவோம். இதற்கே ஓரிரண்டு சந்திப்பு ஆகிவிடும். அவசரப்படுத்தும் சிகிச்சையாளரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அந்த நான்காவது கட்டத்தில் என்ன நடக்கும் என்பதை, என்னிடம் வந்த ஒரு பெண்மணியை வைத்துச் சொல்கிறேன். அவருடைய அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுக் கரையோரம், ஜாபர்கான்பேட்டையில் தரைத்தள வீட்டில் இருந்தவர். இருட்டில் அம்மாவை மாடிக்கு ஏற்றும்போது அம்மா தவறித் தண்ணீரில் விழுந்து இறந்துவிட்டார். வருடங்கள் ஓடியும், பக்கத்து வீட்டு மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டால் இவர் சமையலறை நாற்காலி மேல் ஏறி நின்றுவிடுவார். மனதில் இருந்தது ஒரே வாக்கியம்: "கையை விட்டது நான்தான்."

நாற்காலிகளை எதிரெதிராகப் போடாமல், என் தோளும் அவர் தோளும் ஏறக்குறைய உரசிக்கொண்டு போவது போலச் சற்றே பக்கவாட்டில் போட்டுக்கொண்டோம். மிக மோசமான காட்சி எது, அதைப் பார்க்கும்போது உங்களைப் பற்றி என்ன தோன்றுகிறது, அதற்குப் பதில் என்ன நம்ப விரும்புகிறீர்கள், உடம்பில் எங்கே பிடிக்கிறது என்று கேட்டேன். வேதனை பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்றேன். "ஒன்பது." அப்புறம், "அந்தக் காட்சியை வைத்துக்கொண்டே என் விரலைக் கண்ணால் மட்டும் தொடருங்கள், தலையை அசைக்க வேண்டாம்" என்று சொல்லி இரண்டு விரலை இடமும் வலமுமாக அசைத்தேன். அரை நிமிடம் இருக்கும். நிறுத்தினேன். "மூச்சு விடுங்க. இப்ப என்ன வருது?"

"தண்ணி. கறுப்பா இருக்கு. பிரிட்ஜ் மிதக்குது."

"சரி, அதோட போங்க." மறுபடி விரல்.

"வாடை. சாக்கடையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை."

மறுபடி. இப்படி ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று வரும். நான் விளக்கம் சொல்வதில்லை, வாதாடுவதில்லை. "அதோட போங்க" என்பதுதான் பெரும்பாலும் என் வேலை. மூன்றாவது அமர்வில், ஒரு சுற்று முடிந்ததும் அவர் பேசவில்லை. வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பு. "மேடம், இது அம்மாவோட கண்ணாடி வளையல் உடைஞ்சு குத்துனது. அவ்வளவு இறுக்கமா பிடிச்சிருக்கேன். வளையல்தான் உடைஞ்சது. நான் விடலை."

அந்தத் தழும்பு அத்தனை வருடமும் அவர் கையிலேயே இருந்தது. தினமும் அந்தக் கையால்தான் சாப்பிட்டார். "நீ கையை விடலைம்மா" என்று சொந்தக்காரர்கள் நூறு முறை சொல்லியிருப்பார்கள், உள்ளே போகவில்லை. அந்த நினைவின் ஒரு துண்டும் இன்னொரு துண்டும் அதுவரை ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. சந்தித்தபோது ஒன்பது நாலானது. ஆறாவது அமர்வில் ஒன்று என்றார். பூஜ்யம் ஆகவில்லை. "அம்மா போனது வருத்தம்தானே மேடம், அது எப்படிப் பூஜ்யம் ஆகும்?" என்று கேட்டார். அவர் சொன்னது சரி. நானும் பூஜ்யத்துக்காகப் பிடிவாதம் பிடிக்கவில்லை.

எல்லோருக்கும் இப்படி ஒரு தழும்பு கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். சிலருக்குப் பெரிதாக எதுவும் தோன்றாது, காட்சி மட்டும் மங்கிக்கொண்டே போகும். சிலர் அழுவார்கள், சிலருக்குக் கால் நடுங்கும், சிலர் கொட்டாவி விடுவார்கள். எல்லாமே நடப்பதுதான்.

கண்ணை அசைப்பதால் நினைவுக்கு என்ன ஆகிறது? கனவு வரும் தூக்கத்தில் கண் உருள்வதோடு சிலர் இதை ஒப்பிடுகிறார்கள், அது இன்னும் நிரூபணம் ஆகவில்லை. கூடுதல் ஆதாரம் உள்ள விளக்கம் வேறு. சீட்டுப் பணம் எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை விட்டுப் போகும் அல்லவா? ஒரே நேரத்தில் மனம் பிடித்து வைக்கக்கூடியது கொஞ்சம்தான். அந்தக் காட்சியையும் பிடிக்க வேண்டும், விரலையும் துரத்த வேண்டும் என்றால் இரண்டுக்கும் முழு இடம் கிடைக்காது. காட்சி வெளுக்கும். வெளியே எடுத்த நினைவு திரும்ப உள்ளே போகும்போது அந்த வெளுத்த வடிவத்தில் போய்த் தங்குகிறது என்பதுதான் கருத்து. நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மார்செல் வான் டென் ஹவுட் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். காதில் மாறி மாறி 'பீப்' ஒலி கேட்பதைவிட, கண்ணை அசைப்பது நினைவின் கூர்மையை அதிகம் குறைத்தது. கண் வலிப்பவர்களுக்கு முழங்காலில் மாறி மாறித் தட்டியும் செய்கிறோம்.

நடந்ததை அழிக்கிற வேலை இல்லை இது. இன்றைக்கும் நடந்துகொண்டிருப்பது போல இருப்பதை, அன்றைக்கு நடந்ததாக ஆக்குவது. உங்கள் உடம்பைப் பொறுத்தவரை 14 மாதமாக அந்தச் சாயங்காலம் முடியவே இல்லை. ஹாரன் இன்னும் அடித்துக்கொண்டே இருக்கிறது.

வீட்டில் வீடியோவைப் பார்த்துச் செய்யலாமா என்றால், வேண்டாம் என்று அழுத்தியே சொல்கிறேன். திரையில் ஓடும் புள்ளியைப் பார்ப்பது கண்ணுக்குக் கெடுதல் என்பதற்காக இல்லை. நினைவு திறந்துகொண்ட பிறகு அதை மூடத் தெரிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும். பாதி திறந்த நிலையில் நீங்கள் தனியாக, ராத்திரி, மறுநாள் காலை 4 மணி டியூட்டியோடு இருக்கக் கூடாது.

அடுத்து வேலை. இதில் உங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் பின்னால் ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்து வருகிறார்கள். நண்பரிடம் வாங்கிய தூக்க மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். எந்த மாத்திரை, எவ்வளவு என்று தெரியாமல் போட்டால் மறுநாள் காலையிலும் அதன் மந்தம் கண்ணிலும் கையிலும் இருக்கலாம். இந்தப் பாதிப்புக்கு அது மருந்தும் இல்லை. தினமும் பழகிவிட்ட மாத்திரையாக இருந்தால் மட்டும் திடீரென நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டுக் குறைக்க வேண்டும். உங்கள் விஷயம் ரெண்டு மூன்று தடவையோடு நின்றிருக்கிறது, நல்லது. தூக்கமே இல்லாமல் போன ராத்திரிக்கு அடுத்த நாள், அல்லது கை விறைப்பதால் பிரேக்கைக் கையாளத் தடுமாறுவது போலத் தோன்றினால், வண்டி எடுக்காதீர்கள், சொல்லிவிடுங்கள். அது கோழைத்தனம் ஆகாது.

சிகிச்சையில் பேசுவதை ரகசியமாகக் காக்க வேண்டும் என்பது உங்கள் சட்ட உரிமை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அதை உறுதி செய்கிறது. மற்றவர் உயிருக்கு ஆபத்து என்ற நிலை போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, முதல் சந்திப்பிலேயே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். துறை மருத்துவரிடம் சொன்னால் கொஞ்ச நாள் வண்டியிலிருந்து இறக்கி வேறு வேலை கொடுப்பார்களோ என்று பயப்படுகிறீர்கள், புரிகிறது. அப்படி நடந்தாலும் நடக்கலாம். ஆனால் சிகிச்சை எடுக்காமல் இன்னும் பல வருடம் அந்த இடத்தைத் தினமும் நாலு முறை கடப்பதோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். நானாக இருந்தால் சொல்லிவிடுவேன்.

எத்தனை நாள் ஆகும்? சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் என்கிறது. சின்ன வயதிலிருந்து அடுக்கடுக்காகத் துன்பம் பட்டவர்களுக்குக் கூடும், ஒரே சம்பவம் என்றால் அதற்கு முன்பேகூட முடியலாம். ஒவ்வொன்றும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். அமர்வு முடிந்த ஓரிரு நாள் கனவு அதிகம் வரலாம், பழைய விஷயங்கள் கிளம்பி வரலாம். அதனால் ரெஸ்டுக்கு முந்தின நாளாகப் பார்த்து நேரம் வாங்குங்கள். மறுநாள் டியூட்டி இருக்கக் கூடாது. உங்கள் விஷயத்தில் கடைசியில் இன்னொரு வேலையும் உண்டு. பல்லாவரம் பிளாட்பாரத்தை விட்டு வண்டி கிளம்புவதிலிருந்து குரோம்பேட்டையில் நிற்பது வரை மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வைப்போம். எங்கே கை வியர்க்கிறதோ அங்கே நிறுத்தி மறுபடி விரல். ஒரு முறை முழுதாக ஓட்டி முடிக்கும் வரை.

இனி அந்தக் கடைசிக் கேள்வி. கடிதத்தில் அதைத்தான் "இன்னொன்று" என்று ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் பட்டது.

மறக்க மாட்டீர்கள். சிகிச்சை முடித்த யாரும் என்னிடம் மறந்துவிட்டதாகச் சொன்னதில்லை. தேதி நினைவிருக்கும், இடம் நினைவிருக்கும், அந்தப் பையன் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கும். நினைத்தால் வரும், நினைக்காதபோது வந்து தொண்டையைப் பிடிக்காது. இவ்வளவுதான் வித்தியாசம். இப்போது அவன் நினைவு வந்தால் நீங்கள் உடனே தப்பித்து ஓட வேண்டியிருக்கிறது. பேக்கை ஒளிக்கிறீர்கள், பேச்சை மாற்றுகிறீர்கள். ஓடுகிறவரால் ஒருவருக்காக உட்கார்ந்து வருத்தப்பட முடியாது. நீங்கள் தராமல் போய்விடுமோ என்று பயப்படும் அந்த மரியாதையை, ஓட்டம் நின்ற பிறகுதான் அவனுக்குத் தர முடியும். என்னிடம் வந்தவர்களில் சிலர் அந்த நாளில் விளக்கேற்றுகிறார்கள், சிலர் யாருக்காவது ஒரு வேளை சாப்பாடு போடுகிறார்கள். உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதைச் செய்யுங்கள்.

யாரிடம் போவது என்றால், ரயில்வே மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். அங்கே தயக்கமாக இருந்தால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்குப் போகலாம். இஎம்டிஆருக்குத் தனியாரிடம் போவதானால் இரண்டு விஷயம் கேளுங்கள்: இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா, அல்லது மனநல மருத்துவரா? இஎம்டிஆரில் முறையான பயிற்சியை முழுதாக முடித்தாரா, மூத்தவர் மேற்பார்வையில் செய்திருக்கிறாரா? வார இறுதியில் ஒரு நாள் பட்டறைக்குப் போய் வந்தவர் போதாது. கேட்டால் நல்ல சிகிச்சையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால், அல்லது உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

முதல் சந்திப்புக்கு மனைவியையும் அழைத்துப் போங்கள். நீங்கள் தூக்கத்தில் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்ப்பவர் அவர்தான், உங்களுக்குத் தெரியாத சில விவரம் அவரிடம் இருக்கும். திரும்பும்போது பைக் வேண்டாம், ஆட்டோ பிடித்து வாருங்கள். மகனிடம் இப்போதைக்கு, "அந்த பேக் எனக்கு ஒரு விபத்தை ஞாபகப்படுத்துதுப்பா, டாக்டரைப் பார்க்கப் போறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அவன் புரிந்துகொள்வான். காரணம் தெரியாமல், தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.